எல்லைக்கோடு வந்துவிட்டது, பணம் எப்போது வரும்?

வாசகர் கேள்வி: எங்கள் அப்பா பெயரில் 11 ஏக்கர் நிலமும் அதில் ஒரு வீடும் இருக்கின்றன. அப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். இப்போது அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கப் போவதாக அரசு அறிவிப்பு வந்திருக்கிறது. வரைபடத்தில் எங்கள் நிலத்தின் பெரும்பகுதி எல்லைக்குள் வருகிறது. 81 வயதான அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். தம்பி, "கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்கிறான். ஒரு புரோக்கர் பாதி விலைக்குக் கேட்கிறார். நிலத்தில் ஒரு பகுதியை இருபது வருடமாக ஒரு குடும்பம் குத்தகைக்குப் பயிரிடுகிறது. அரசு எங்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பூங்காவுக்கு நிலம் சேர்க்கும் வழிகள் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நில உரிமையாளர்கள் செய்யும் தவறுகளும் ஒன்றுதான். நான் முதல் சில வருடங்கள் அரசுத் தரப்பில் நிலமெடுப்பு வழக்குகளை நடத்தியவன், அப்புறம்தான் நில உரிமையாளர்கள் பக்கம் வந்தேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அரசு எடுத்துக்கொள்ளுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். என் பயம் வேறு. எல்லைக்குள் வைத்துவிட்டு, எடுக்காமலே வருடக்கணக்கில் விட்டுவிடுவார்களோ என்பதுதான். எடுத்தால் பணம் வரும். குறைவாக வந்தால் வழக்குப் போடலாம். எடுக்காமல் விட்டால் வீட்டுக்கு ஓர் அறை கூட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, வாங்க ஆள் வராது, வங்கி கடன் தராது. நிலம் மட்டும் உங்கள் பெயரில் இருக்கும்.

முதலில் அரசு எப்படி நிலம் சேர்க்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் பூங்காவானபோது அரசு யாரிடமிருந்தும் விலைக்கு வாங்கவில்லை. அது ஏற்கெனவே கூட்டாட்சி அரசின் நிலமாகக் கணக்கில் இருந்தது. அந்த மண்ணைப் பயன்படுத்திவந்த பழங்குடிகளின் உரிமை கணக்கிலேயே வரவில்லை, அது தனிக் கதை. அதே நாட்டின் கிழக்குப் பகுதியில் பூங்கா அமைக்கப் போனபோது எங்கு பார்த்தாலும் தனியார் பண்ணைகள். வர்ஜீனியா மாநிலம் ஷெனாண்டோவா பூங்காவுக்காக 1928இல் தனிச் சட்டமே போட்டது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனி வழக்கு நடத்தினால் முடியாது என்று, ஒரு மாவட்டத்துக்கு ஒரே வழக்காக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்களைக் கட்டாயமாக எடுத்தார்கள். எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1935இல் பூங்கா வந்தது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்குக் குறைவோ நிறைவோ பணம் வந்தது. பத்திரம் இல்லாமல் விளைச்சலில் பங்கு கொடுத்தோ குத்தகைக்கோ குடியிருந்தவர்கள் இழப்பீடு இல்லாமலே வெளியேறினார்கள். உங்கள் குத்தகைக்காரரைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

இதற்கு நேர்மாறான வழி, சத்தமில்லாமல் வாங்குவது. அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் மலையடிவாரத்தில் 1927 முதல் ஒரு நிலக் கம்பெனி பண்ணைகளை வாங்கிக்கொண்டே போனது. பின்னால் இருந்தது பணக்காரர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் என்பது விற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் விலை ஏறும் என்றுதான் மறைத்தார்கள். சுமார் 35,000 ஏக்கர் சேர்த்தார், விஷயம் வெளியே வந்ததும் பெரிய கொந்தளிப்பு. 1949இல்தான் அதில் பெரும்பகுதியை அரசுக்குத் தானமாகக் கொடுக்க முடிந்தது. யாராவது பெயர் தெரியாத கம்பெனி உங்கள் பக்கத்து நிலங்களை எல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறதா என்று கொஞ்சம் விசாரியுங்கள். பதிவு அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. கலிபோர்னியாவின் ரெட்வுட் பூங்காவுக்கு 1968இலும், அதை விரிவாக்க 1978இலும் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சட்டம் கையெழுத்தான அன்றே நிலத்தின் உரிமை அரசுக்குப் போய்விட்டது. பேச்சுவார்த்தையே கிடையாது. விலை என்ன என்பதை நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் பேசினார்கள். அங்கே நிலம் வைத்திருந்தவை பெரிய மரக் கம்பெனிகள். வக்கீல் படையே இருந்தது, தாங்கினார்கள். 11 ஏக்கர்காரரால் அந்த ஆட்டம் ஆட முடியாது.

நான்காவது வழி எடுக்காமலே விடுவது. பிரிட்டனில் 1949இல் வந்த சட்டப்படி அமைந்த தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான நிலம் இன்றைக்கும் தனியாரிடம்தான் இருக்கிறது. ஆடு மேய்கிறது, ஊர் இருக்கிறது. ஆனால் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் கேப் காட் கடற்கரைப் பூங்காவுக்கு 1961இல் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். உள்ளூர் நிர்வாகம் கட்டுமான விதிகளைக் கடுமையாக்கினால், வீடுகளைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு பயன்படுத்தாமல் நிறுத்திவைக்கும். 1959 செப்டம்பர் 1க்கு முன் கட்டத் தொடங்கிய வீடுகளுக்குத்தான் இந்தச் சலுகை.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். பூங்கா விவகாரத்தில் ஏக்கரைவிடத் தேதிக்குத்தான் மதிப்பு அதிகம். எந்தத் தேதி வரை இருந்தது செல்லும், எந்தத் தேதி விலைக்குக் கணக்கிடுவார்கள், எந்தத் தேதிக்குள் நீங்கள் மனு கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் இது இப்படி நடக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு அறிவிக்கைகள் உண்டு. முதலாவது, பூங்காவோ சரணாலயமோ அமைக்கும் எண்ணம் இருக்கிறது என்பது. அதன்பின் மாவட்ட ஆட்சியர் யார் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிப்பார். அதற்காக அவர் வெளியிடும் பிரகடனத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் உங்கள் உரிமையை எழுத்தில் கோர வேண்டும். கோரும்போது எவ்வளவு இழப்பீடு வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். கோரிக்கையை ஏற்றால் ஆட்சியருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: உங்கள் நிலத்தை எல்லையிலிருந்து நீக்கலாம், விலை கொடுத்து எடுக்கலாம், சரணாலயமாக இருந்தால் தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து உரிமையைத் தொடர விடலாம். தேசியப் பூங்காவுக்கு இந்த மூன்றாவது வழியை நம்பாதீர்கள். எல்லா உரிமையும் அரசுக்குப் போன பிறகுதான் இரண்டாவது அறிவிக்கை, அதாவது இறுதி அறிவிக்கை.

இதில் உறுத்தலான இடம் ஒன்று உண்டு. சரணாலயமாக்கும் எண்ணத்தை அறிவித்த உடனேயே பெரும்பாலான கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்துவிடும் என்று 2002இல் திருத்தம் செய்தார்கள். உரிமை விசாரணையையும் நிலமெடுப்பையும் இயன்றவரை இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. கூடவே, முடிக்காவிட்டாலும் அறிவிக்கை காலாவதியாகாது என்று ஒரு வரி. கட்டுப்பாடு இன்றைக்கு, பணம் என்றைக்கோ. நான் முதலில் சொன்ன பயம் இதுதான். அதனால்தான், இரண்டு மாதத்துக்குள் கோரிக்கை மனு கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் தலையில் அடித்துச் சொல்கிறேன். "இன்னும் எதுவும் முடிவாகவில்லையே, ஏன் அவசரப்பட வேண்டும்" என்று ஆறப்போட்டவர்கள்தான் பிற்பாடு என் அறையில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோஸ்டா ரிக்கா ஓர் உதாரணம். சாண்டா எலெனா என்ற கடற்கரைச் சொத்தை, ஏறத்தாழ 15,800 ஹெக்டேர், பூங்காவை விரிவாக்க அரசு 1978 மே மாதம் எடுத்தது. எடுத்தது சரி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். விலையில்தான் சண்டை. சர்வதேச நடுவர் மன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்புச் சொன்னது: 1.6 கோடி டாலர். மன்றத்தின் கணக்கைப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு 1978ஆம் ஆண்டு விலைப்படி சுமார் 41.5 லட்சம் டாலர்தான். மிச்சமெல்லாம் இருபத்திரண்டு வருட வட்டி. சுற்றுச்சூழலைக் காக்க எடுத்தது நல்ல நோக்கம்தான், ஆனால் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும் இழப்பீட்டுக் கடமை குறையாது என்றும் மன்றம் சொன்னது. உங்களிடம் யாராவது "காட்டுக்காகத்தானே கேட்கிறோம்" என்று உருக்கமாகப் பேசினால் இதை நினைவில் வையுங்கள். காடு ஊருக்கெல்லாம் வேண்டும் என்றால் அதன் விலையையும் ஊர்தான் கொடுக்க வேண்டும், உங்கள் குடும்பம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, விலைக்கு வருவோம். பூங்கா வரும் என்ற பேச்சாலேயே நிலத்தின் விலை விழுந்துவிடும். புரோக்கர் பாதி விலை பேசுவதும் அதை வைத்துத்தான். ஆனால் பல நாடுகளின் சட்டத்தில் ஒரு பொது விதி உண்டு: திட்டத்தால் ஏறிய விலையையும் கணக்கில் சேர்க்கக் கூடாது, திட்டத்தால் இறங்கிய விலையையும் சேர்க்கக் கூடாது. திட்டமே வராமல் இருந்திருந்தால் என்ன விலை போகுமோ அதுதான் விலை. ஏற்றத்தைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு 1947இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் காலனிகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்த டிரினிடாட் கல்குவாரி வழக்கை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறோம். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இறக்கத்தையும் தள்ளச் சொல்கிறது. அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த விதி, மதிப்பீட்டாளர் நிலத்தைப் பார்க்க வரும்போது உரிமையாளரும் கூடவே நடக்கலாம் என்பது. உங்கள் நாட்டில் அப்படி எழுதப்பட்ட உரிமை இருக்கிறதோ இல்லையோ, கூட நடங்கள். ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது, எந்த மரம் எத்தனை வருடம் காய்த்தது, பாதை எந்தப் பக்கம் என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. நான் அரசுப் பக்கம் இருந்தபோது பார்த்திருக்கிறேன். உரிமையாளர் கூட வந்து காட்டிய நிலத்தின் அறிக்கை நான்கு பக்கம் இருக்கும், வராத நிலத்துக்கு ஒரு பக்கம்.

இப்போதே, அதாவது இந்த வாரமே, செய்ய வேண்டியது: நிலத்தையும் வீட்டையும் மரங்களையும் கிணற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருடங்களில் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் நகலை வாங்குங்கள். வரி ரசீது, மின் ரசீது, விளைச்சல் விற்ற சீட்டு, எது கிடைத்தாலும் தூக்கிப்போடாதீர்கள். இனிமேல் புதிதாக எதையும் கட்டவோ நடவோ வேண்டாம். அறிவிப்புக்குப் பின் போட்ட பணத்துக்கு இழப்பீடு கிடைப்பது அபூர்வம். இழப்பீட்டை ஏற்றத்தான் செய்தார்கள் என்று உங்கள் மற்றக் கோரிக்கையின் மீதும் சந்தேகம் விழும்.

புரோக்கரிடம் விற்காதீர்கள். இந்தியச் சட்டத்தில் முதல் அறிவிக்கைக்குப் பின் அந்த நிலத்தில் யாருக்கும் புதிதாக உரிமை உண்டாகாது. வாரிசாக வருவதும் உயிலால் வருவதும் மட்டும் விதிவிலக்கு. பிறகு அவர் எதற்கு வாங்கப் பார்க்கிறார்? பெரும்பாலும் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நாளைக்கு வரும் இழப்பீட்டை உங்கள் பெயரில் தானே போய் வாங்கத்தான். பாதி விலையை உங்கள் தம்பிக்கு இன்றைக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவர் வைத்துக்கொள்வார். தம்பிக்குப் பண நெருக்கடி இருக்கலாம், அவரைக் குறை சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் கடனாகக் கொடுத்து இழப்பீட்டில் கழித்துக்கொள்வது இதைவிட எவ்வளவோ மேல்.

அதைவிட முக்கியம், பத்திரம் இன்னும் அப்பா பெயரில் இருப்பது. பணம் வரும் நேரத்தில் வாரிசுகளுக்குள் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், அரசு தொகையை நீதிமன்றத்திலோ உரிய அமைப்பிலோ கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் உங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருப்பீர்கள். வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். ஏழு வருடம் விட்டது போதும்.

அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்த வரியைத்தான். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குள் வாக்கர் சகோதரிகள் என்று ஐந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் திருமணமாகாதவர்கள், அப்பா விட்டுப்போன மரவீட்டில் 122 ஏக்கரோடு வாழ்ந்தவர்கள். பூங்கா 1934இல் வந்துவிட்டது, இவர்கள் அசையவில்லை. கடைசியில் 1941 வாக்கில் 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள், ஒரே நிபந்தனையோடு: சாகும்வரை அந்த வீட்டிலேயே இருப்போம். அரசு ஒப்புக்கொண்டது. கடைசிச் சகோதரி லூயிசா 1964இல் இறக்கும் வரை அது அவர்கள் வீடாகவே இருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு இருந்ததே தவிர வாழ்க்கை முறை இல்லை. வேட்டையாடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. அவர்கள் வாழ்ந்ததே இதையெல்லாம் செய்துதான். போதாக்குறைக்குப் பூங்கா பார்க்க வந்த கூட்டம் வாசலில் நின்று இவர்களையும் வேடிக்கை பார்த்தது. முதலில் வருபவர்களிடம் கைவேலைப் பொருள்களை விற்று நாலு காசு பார்த்தார்கள். வயதானபின் முடியவில்லை. வழியில் வைத்திருந்த "பார்வையாளர்கள் வரலாம்" பலகையை எடுத்துவிடுங்கள் என்று 1953இல் பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

ஆக, அம்மாவுக்காக ஆயுட்கால அனுபவ உரிமை கேளுங்கள், ஆனால் வெறுமனே "இருக்கலாம்" என்று எழுதிய காகிதத்தை வாங்காதீர்கள். விறகு, தண்ணீர், மின்சாரம், கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது, ஆம்புலன்ஸ் உள்ளே வர இரவில் கதவைத் திறப்பார்களா, உடன் தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கலாமா, நீங்கள் வந்துபோக அனுமதிச் சீட்டு வேண்டுமா, இதெல்லாம் ஒவ்வொன்றாக எழுத்தில் வர வேண்டும். இந்த உரிமைக்காக இழப்பீட்டில் கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயம்தான். 81 வயதுக்காரருக்குக் கழிவு குறைவாகவே வரும். இந்த ஏற்பாட்டுக்கு இடம் தராத சட்டங்களும் உண்டு. அப்படியானால் வீடும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் எல்லைக்கு வெளியே போகும்படி மனு போடுங்கள். உங்கள் நிலத்தில் பெரும்பகுதிதான் உள்ளே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது நீங்கள் எல்லை ஓரத்தில் இருக்கிறீர்கள். ஓரத்தில் இருப்பவருக்கு எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லும் வாய்ப்பு உண்டு, நடுவில் இருப்பவருக்கு அது இல்லை.

எல்லைக்கோட்டை நகர்த்துவது கனவல்ல. கனடாவில் 1969, 1970இல் கூஷிபூக்வாக், ஃபோரியோன் பூங்காக்களுக்காக ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்களை மாகாண அரசுகள் அப்புறப்படுத்தின. அந்தக் கசப்பு தலைமுறை தாண்டியும் போகவில்லை. ஃபோரியோன் மக்களிடம் நாடாளுமன்றம் 2011இல் மன்னிப்பே கேட்டது. அந்தப் பாடத்துக்குப் பின் அமைந்த குரோஸ் மோர்ன் பூங்காவில் பெரும்பாலான ஊர்களை எல்லைக்கு வெளியே விட்டு வரைந்தார்கள். இன்றைக்கு அந்த நாட்டின் தேசியப் பூங்காச் சட்டம், புதுப் பூங்காவுக்கோ விரிவாக்கத்துக்கோ கட்டாய நிலமெடுப்பையே அனுமதிப்பதில்லை.

நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் மிச்சம் எதற்கு உதவும் என்று பாருங்கள். பாதை அறுந்துபோன இரண்டு ஏக்கரால் என்ன பயன்? மிச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று கேட்கும் வழி பல சட்டங்களில் இருக்கிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தில், வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கப் பார்த்தால் முழுவதையும் எடுக்கச் சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. அந்தச் சட்டப்படி எடுத்தால் கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதற்குமேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். புரோக்கரின் பாதி விலையை இதோடு ஒப்பிட்டுத் தம்பியிடம் காட்டுங்கள்.

குத்தகைக் குடும்பத்தை மறைக்காதீர்கள். அவர்கள் பெயர் வந்தால் நம் பங்கு குறையும் என்று பலர் நினைத்து, "அங்கே யாரும் பயிரிடவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஷெனாண்டோவாவில் பார்த்தோமே, கணக்கில் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. இந்தியச் சட்டம், மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணுகிறது. அவர்களுக்கான மறுவாழ்வு உதவி தனிக் கணக்கு. இன்னொன்று, பொய்யாக எழுதிக் கொடுத்தது பின்னால் வெளியே வந்தால் உங்கள் மனு முழுவதும் ஆடிப்போகும்.

கடைசியாகக் கையெழுத்து. முதலில் வரும் தொகையை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, பயந்து ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தியாவில் இந்த ஒரு வரி இல்லாமல் பணம் வாங்கினால், கூடுதல் தொகை கேட்டு வழக்குக்குப் போகும் உரிமை போய்விடும். "அதெல்லாம் தேவையில்லை சார், சும்மா கையெழுத்துப் போடுங்க" என்று எதிரில் இருப்பவர் சொல்வார். நீங்கள் எழுதிவிட்டே போடுங்கள், நகலும் கேட்டு வாங்குங்கள்.

அறிவிக்கையின் நகலையும், உங்கள் நிலம் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு உள்ளே வருகிறது என்று காட்டும் வரைபடத் தாளையும் எழுத்தில் விண்ணப்பித்து வாங்கி எனக்கு அனுப்புங்கள். இந்த முறை எந்த நாடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.